நாலாவது தடவை செத்தவன்

அத்தியாயம் 9

ஆறாவது கோப்பைப் பச்சைத் தேநீரும் வந்துவிட்டது. தகவல் மட்டும் வரவில்லை.

ஷம்ரோஸ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி மேலே மின்விசிறியைப் பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு நின்ற விசிறி. அதன் இறக்கையில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. சார்சத்தா பக்கத்து ஜூலை வெயில் ஹுஜ்ராவின் வாசல் வழியாக உள்ளே நுழைந்து, ஆண்களுக்கான அந்த நீளமான கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பது பேரையும் ஒரே சீராக அவித்துக்கொண்டிருந்தது.

முப்பது பேரும் பேசினார்கள். எருமையைப் பற்றிப் பேசினார்கள். முலாம்பழத்தைப் பற்றிப் பேசினார்கள். தூஃபான் என்ற பெயரை எடுத்ததும் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

கமாண்டர் தூஃபான், அரசாங்கம் தேடிய ஆயுதக் கூட்டம் ஒன்றின் தலைவன். மூன்று மாதத்துக்கு முன், மலையடிவாரத்து வீடு ஒன்றின் மேல் அரசாங்கப் படை நடத்திய தாக்குதலில் அவன் கொல்லப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அவன் கொல்லப்படுவது அது நாலாவது தடவை. முதல் தடவை ஊரே மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியது. இரண்டாவது தடவை பாதி ஊர். மூன்றாவது தடவை மிட்டாய்க் கடைக்காரரே, "உறுதியாகட்டும், அப்புறம் பாகு காய்ச்சறேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டார்.

அதனால் நாலாவது தடவை அதிகாரிகள் உஷாராக இருந்தார்கள். உடலைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முகம் கருகிப்போன உடல். "இது என் மருமகன்தான்" என்று கையெழுத்துப் போட ஓர் ஆளையும் காட்டினார்கள். அவர்தான் மாலிக் ஸர்தாத் கான், தூஃபானின் மாமனார். இந்த ஹுஜ்ராவின் சொந்தக்காரர். இன்று இவருடைய பேத்திக்குத்தான் கல்யாணம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நஸ்மீனா என்ற ஒரு பெண் மட்டும் அந்தத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அவள் உடலைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் தெரிந்த ஒரு காலைப் பார்த்தாள். அந்தக் காலில் இருந்த தோல் செருப்பின் அடியில் மோட்டார் சைக்கிள் டயர் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த டயரை வெட்டிக் கொடுத்தவளே அவள்தான். அவள் கணவன் ஹஸ்ரத் குல், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவன். தாக்குதலுக்கு முந்திய நாள், "மலைப்பக்கம் ஒரு வீட்டுல மோட்டார் நின்னுபோச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போனவன். திரும்பவில்லை.

புகார் கொடுக்கப் போனாள். டயர் ஒட்டுச் செருப்பு இந்த மாகாணத்தில் பாதிப் பேர் காலில் இருக்கிறது என்றார்கள். பரிசோதனை அறிக்கை கேட்டாள். ரகசியம் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது, அந்த வீட்டுக்குப் போய்வந்து தலைமறைவான கூட்டாளி என்று ஹஸ்ரத் குல்லின் பெயரையே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

தூஃபான் என்று சொல்லிப் புதைத்த கபரைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி நீதிமன்றம் போனாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "செருப்பு போதாதும்மா. புதைச்சது தூஃபான் இல்லைன்னு சந்தேகப்பட எனக்கு ஒரே ஒரு காரணம் கொண்டு வா. திங்கட்கிழமை வரைக்கும் நேரம்" என்றார்.

இன்று சனிக்கிழமை. அவளுக்காக அந்த ஒரு காரணத்தைத் தேடித்தான் முன்னாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஷம்ரோஸ் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக இங்கே வந்திருந்தார்.

"இந்த வீட்டுச் சோத்தைப் பத்தி மட்டும் எங்கிட்டக் கேளு தம்பி," என்றார் பக்கத்துக் கட்டில் கிழவர். பெயர் ஷேர் பாச்சா. வாயில் நாலு பல், அந்த நாலும் மாலிக்கின் விரோதிகள்.

"நான் சோத்தைப் பத்திக் கேக்கலையே, பெரியவரே."

"கேக்கணும். மருமகன் செத்துட்டான்னு டி.வி.யிலயே சொன்னாங்க. நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு சோறு போடுவான்னு நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தேன். நாப்பது போச்சு, அம்பது போச்சு. ஒரு பருக்கை? ஒரு எலும்பு?"

ஷம்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பதாம் நாள் சோறே போடலையா?"

"போடலையே! ஆனா பெருநாள் முடிஞ்ச மூணாவது வாரம், காரணமே இல்லாம மூணு அண்டா புலாவ் போட்டான். எதுக்குன்னு கேட்டா, கிணத்துல தண்ணி ஊறிடுச்சாம். அந்தக் கிணறு என்னிக்கு வத்துச்சு? அந்தச் சோறு செரிக்கறதுக்குள்ள, ரெண்டே நாள்ல மருமகன் செத்த சேதி. அதோட அண்டாவைக் கவுத்து வெச்சவன்தான், இன்னிக்குத்தான் நிமித்தியிருக்கான். அன்னிக்குப் புலாவ்ல கறி எவ்வளவு போட்டான் தெரியுமா..."

ஷம்ரோஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார்: நாற்பதாம் நாள் இல்லை. சாகாதவனுக்கு எப்படிச் சோறு போடுவது?

அப்போதுதான் மாலிக் ஸர்தாத் கானே ஏழாவது கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, தண்ணீர் தெளித்த கல் மாதிரி குளிர்ந்த முகம்.

"மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி. பெஷாவர்லேர்ந்து வந்திருக்கீங்க. ஆனா காலைலேர்ந்து மாப்பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையாமே," என்றார்.

"உங்க மருமகனைப் பத்திக் கேள்விப்பட்டேன், மாலிக் சாப். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க."

"பேசுவாங்க." மாலிக் அவரை நேராகப் பார்த்தார். "என் மருமகன் செத்துட்டான். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்? சர்க்கரையா?"

ஷம்ரோஸ் அவருடைய தொண்டையையே பார்த்தார். இருபது வருடப் போலீஸ் உத்தியோகத்தில் ஆயிரம் பொய்களைக் கேட்டவர் அவர். பொய் சொல்பவனின் தொண்டை எப்படி ஏறி இறங்கும் என்று தெரியும். இந்தத் தொண்டை அசையவில்லை.

இந்த ஆள் உண்மை பேசுகிறான்.

எரிச்சலில் ஏழாவது கோப்பையை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

* * *

"அண்ணே, உன் மூஞ்சியைப் பார்த்தா பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு. நாம மாப்பிள்ளை வீடு. கொஞ்சம் சிரி," என்றபடி கார்க் கதவைத் திறந்து ஏறினாள் தோர்பெகை.

ஷம்ரோஸின் தங்கை. ஷம்ரோஸின் உதவியாளரும் அவள்தான். கணவன் இறந்து நாலு வருடமாகிறது. மாப்பிள்ளை அந்தக் கணவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இன்றைய அழைப்பு அந்த வழியாக வந்ததுதான். ஷம்ரோஸ் ஒருநாளும் நுழைய முடியாத பெண்கள் கட்டுக்குள் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே போவாள், மடி நிறையச் சேதியோடு திரும்புவாள்.

வண்டி வாய்க்கால் கரைச் சாலையில் ஏறியதும் முகத்திரையை மேலே தள்ளினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"என்னது இது?"

"வேலைக்காகப் போட்டது. வளையல்காரிகிட்டக் கையை நீட்டினாத்தான் அவ வாயைத் திறப்பா. நீ அங்க என்ன கண்டுபிடிச்சே?"

"முலாம்பழத்துக்கு இந்த வருஷம் மழை பத்தலையாம்."

"பிரமாதம். நாட்டைக் காப்பாத்திட்டே."

"தோர்பெகை!"

"சரி, சரி. தூஃபான் பொண்டாட்டி ஷாயிஸ்தாவைப் பார்த்தேன். சும்மா பார்க்கலை. அவ பக்கத்துல உட்கார்ந்து கை தட்டினேன். சிவப்புப் பட்டு. கண்ணுல சுர்மா. ரெண்டு கைலயும் மருதாணி, மணிக்கட்டைத் தாண்டி. நாலு டஜன் வளையல்."

ஷம்ரோஸ் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த குதிரை வண்டிக்காரன் அவருடைய பரம்பரையை விசாரித்துவிட்டுக் கடந்து போனான்.

"மருதாணியா? புருஷன் செத்து மூணு மாசம்தானே ஆகுது!"

"மூணு மாசம் நாலு நாள்."

"விதவை வீட்டோட இருக்கற இத்தா நாலு மாசம் பத்து நாளாச்சே!"

"எனக்கா சொல்லித் தர்றே? என் வீட்டுக்காரர் போனப்போ நாலு மாசம் பத்து நாள் வாசல்படி தாண்டலை நான். வளையல் இல்லை, சுர்மா இல்லை, வாசனை சோப்பு கூட இல்லை. சொந்த நாத்தனார் கல்யாணத்துக்கே போகலை."

"வயித்துல பிள்ளை இருந்திருந்தா? பிள்ளை பொறந்ததும் இத்தா முடிஞ்சிடுமே?"

"கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயசு. தொட்டில் எதுவும் இல்லை. பார்த்துட்டேன்."

ஷம்ரோஸ் ஸ்டீரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "அப்போ உயிரோட இருக்கான்! நாப்பதாம் நாள் சோறு இல்லை, பொண்டாட்டி கையில மருதாணி. அவ விதவை இல்லை. தூஃபான் சாகலை!"

"அண்ணே, அவசரப்..."

அவர் அதற்குள் போனை எடுத்து வக்கீல் ஃபஸ்லே ரப்பியைக் கூப்பிட்டுவிட்டார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"இன்ஸ்பெக்டர் சாப்," என்றார் வக்கீல், "தூஃபான் உயிரோட இருக்கான்னு இந்த ஊர்ல டீக்கடைக்கு டீக்கடை சொல்றாங்க. நான் திங்கட்கிழமை அதையே சொன்னா நீதிபதி என்ன கேப்பார் தெரியுமா? 'எங்க இருக்கான், கூட்டிட்டு வாங்க'ம்பார். கூட்டிட்டு வருவீங்களா?"

"பொண்டாட்டி கையில மருதாணி..."

"மருமகன் செத்துட்டான்னு மாமனார் கையெழுத்து இருக்கு. மருதாணி மூணு வாரத்துல அழிஞ்சிடும். கையெழுத்து அழியாது." போன் அணைந்தது.

ஷம்ரோஸ் போனைப் பின்சீட்டில் வீசினார். மூன்று மாதம். எத்தனை அலுவலகம், எத்தனை நாற்காலி, எத்தனை "நாளைக்கு வாங்க". ஆதாரம் கைக்கு வரும்போதெல்லாம் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"வண்டியை ஓரமா நிறுத்து. கபாப் வாங்கு," என்றாள் தோர்பெகை.

"இப்போ கபாப் ஒரு கேடா?"

"எனக்கு இல்லை, உனக்கு. பசிச்சா உனக்குக் காது கேக்காது. நான் பாதியில விட்டதை இன்னும் நீ கேக்கவே இல்லை."

சாலையோரக் கடையில் பெரிய தவாவில் சப்லி கபாப் பொரிந்துகொண்டிருந்தது. ஷம்ரோஸ் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்ததை தோர்பெகை இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து அவரிடமே ஒன்றை நீட்டினாள்.

"வளையல்காரி பேர் பக்த் ஸரி. பத்து ஊர்ப் பொம்பளைங்க மணிக்கட்டு அளவும் அவ விரல் நுனில. 'ஷாயிஸ்தாவுக்கு நாலு டஜன் போட்டியே, உனக்கு இன்னிக்கு நல்ல நாள்'னு சொன்னேன். அதுக்கு அவ, 'அட போம்மா, பெருநாளுக்கு ஏமாத்தினதை இன்னிக்கு ஈடு கட்டியிருக்கா'ங்கறா."

"பெருநாளா? நோன்புப் பெருநாளா?"

"ஆமா. பிறை தெரியறதுக்கு முந்தின நாள் இவ வளையல் கூடையோட அந்த வீட்டுக்குப் போயிருக்கா. எல்லாப் பொம்பளைங்களும் போட்டுக்கிட்டாங்களாம். ஷாயிஸ்தா மட்டும் உள் ரூம்ல, சாயம் போன துணியில, மொட்டைக் கையோட இருந்தாளாம். 'வளையல் போட்டுக்கம்மா'ன்னதுக்கு மாலிக்கோட சம்சாரம் குறுக்க வந்து, 'அவளுக்குப் பல் வலி'ன்னு கதவைச் சாத்திட்டாளாம்."

"பல் வலிக்கும் வளையலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் அவளும் கேட்டா. 'நான் என்ன பல்லுலயா வளையல் மாட்டப் போறேன்'னு."

ஷம்ரோஸ் ஒரு வாய் கடித்தார். மென்றார். நடுவிலேயே மெல்லுவதை நிறுத்தினார்.

"பெருநாள் என்னிக்கு வந்தது?"

"தாக்குதலுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி."

"தாக்குதலுக்கு முன்னாடியே மொட்டைக் கையா?"

தோர்பெகை ரொட்டியைப் பிய்த்தாள்.

ஹுஜ்ராவில் பாதியில் விட்ட நாலு பல் கிழவரின் குரல் இப்போது ஷம்ரோஸின் காதில் முழுசாகக் கேட்டது. பெருநாள் முடிஞ்ச மூணாவது வாரம். மூணு அண்டா புலாவ். கிணத்துல தண்ணி. ரெண்டே நாள்ல சேதி.

"தோர்பெகை, கையை நீட்டு. எண்ணணும்." அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தார். "பெருநாள் ஷவ்வால் மாசம் ஒண்ணு. தாக்குதல் ஷவ்வால் இருபது. புலாவ் போட்டது ஷவ்வால் பதினெட்டு. அங்கேர்ந்து நாப்பது நாள் பின்னாடி போ."

"முந்தின மாசம், ரமலான் ஒன்பது."

"ரமலான் ஒன்பதுலேர்ந்து நாலு மாசம் பத்து நாள் முன்னாடி வா."

அவளுடைய உதடு அசைந்தது. "முஹர்ரம் பத்தொன்பது. இன்னிக்கு இருபத்து நாலு. அஞ்சு நாளாத்தான் அவ வெளியே வந்திருக்கா!" சட்டென்று அண்ணனின் தோளில் அடித்தாள். "அதனாலதான் கல்யாணத்தை ரெண்டு தடவை தள்ளிப் போட்டாங்க! ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு வெச்சுக்கலாம்னு நாங்க கேட்டோம். முஹர்ரம் இருபது தாண்டட்டும்னு மாலிக் பிடிவாதம் பிடிச்சார்."

"இத்தாவும் ஒழுங்கா இருந்திருக்கா. நாப்பதாம் நாள் சோறும் ஒழுங்காப் போட்டிருக்காங்க." ஷம்ரோஸ் மெதுவாகச் சொன்னார். "தூஃபான் ரமலான் ஒன்பதாம் நாள் செத்துட்டான். நோய்லயோ நொடியிலயோ, ஏதோ ஒரு படுக்கையில. ஆளுங்க கலைஞ்சிடக் கூடாதுன்னு கூட்டம் மறைச்சிருக்கு. அவன் நாப்பதாம் நாள் சோத்தை ஊரே சாப்பிட்டு ஏப்பம் விட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் அரசாங்கம் அவனைக் கொன்னிருக்கு."

"மாலிக்?"

"அவர் எங்கிட்டப் பொய்யே சொல்லலை. என் மருமகன் செத்துட்டான்னார். எப்போன்னு நான் கேக்கலை! வாரத்துக்கு ரெண்டு சோதனை நடந்துக்கிட்டிருந்த வீடு அது. கருகின உடம்பு ஒண்ணைக் காட்டி இதுதானான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னா அன்னியோட தொல்லை விட்டுச்சு. அவர் அதுல மட்டும் பொய் சொன்னார். அதிகாரிங்களை ஏமாத்தத் துணிஞ்ச மனுஷன், இத்தாவுல ஒரு நாளைக் குறைக்கத் துணியலை."

தோர்பெகை கபாப் காகிதத்தைக் கசக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு சாட்சி? பக்த் ஸரி கோர்ட்டுக்கு வரமாட்டா. வந்தா உசிரோட வீடு திரும்பமாட்டா. அந்தக் கிழவரும் அப்படித்தான்."

"அவங்க யாரும் வேண்டாம்." ஷம்ரோஸ் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "அரசாங்கத்தோட சாட்சியே போதும். மாலிக்கைக் கூண்டுல ஏத்தி நம்ம வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். 'உங்க மகள் இத்தா முடியறதுக்கு முன்னாடியே மருதாணி வெச்சுக்கிட்டுக் கல்யாணத்துல உட்கார்ந்தாங்களா?' அவ்வளவுதான்."

தோர்பெகை வாயில் கையை வைத்தாள். "ஆமான்னா?"

"ஊர் முன்னாடி மகள் மானம் போச்சு. அந்தத் தலைப்பாகை அதுக்கு ஒருநாளும் சம்மதிக்காது."

"இல்லைன்னா?"

"இத்தா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்போ மருமகன் தாக்குதலுக்கு முன்னாடியே செத்திருக்கணும். அவர் போட்ட கையெழுத்தை அவரே அழிச்சாகணும்."

"அண்ணே," என்றாள் தோர்பெகை, "உன் மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கு. கபாப்பாலதான் அது ஓடுது."

போனை எடுத்துத் துடைத்து மறுபடி வக்கீலைக் கூப்பிட்டார். இந்த முறை மறுமுனையில் பெருமூச்சு இல்லை. காகிதம் புரளும் சத்தம். பிறகு, "மாலிக்குக்கு இன்னிக்கே சம்மன் கேக்கறேன்" என்ற குரல்.

* * *

பெஷாவர் வந்து சேர்ந்தபோது மாலை அஸர் தொழுகை முடிந்திருந்தது. மின்சாரம் இங்கும் இல்லை. ஷம்ரோஸ் வீட்டு முற்றத்தில் நஸ்மீனா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வழக்கு முடியும்வரை தோர்பெகையோடு அங்கேதான் தங்கியிருந்தாள். காரின் சத்தம் கேட்டு எழுந்து நின்றாள். மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு, கேள்விகள் தீர்ந்துபோயிருந்தன.

ஷம்ரோஸ் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"கபர்ல இருக்கறது தூஃபான் இல்லைம்மா. அவன் முன்னாடியே செத்துட்டான். திங்கட்கிழமை கபரைத் தோண்ட உத்தரவு கிடைச்சிடும்னு நம்பறேன்."

"அப்போ அங்க இருக்கறது யாரு?"

"அதை நான் சொல்ல முடியாது. தோண்டினாத்தான் தெரியும்."

"செருப்பையும் சேர்த்தா புதைச்சிருப்பாங்க?"

ஷம்ரோஸ் தோர்பெகையைப் பார்த்தார்.

நஸ்மீனா தன் இடது கையைப் பார்த்தாள். கல்யாணத்தின்போது ஹஸ்ரத் குல் வாங்கிப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஏழு இருந்ததில் இப்போது மூன்று மிச்சம்.

"இத்தாவை எந்த நாள்லேர்ந்து எண்ணணும் அக்கா? தெரிஞ்ச நாள்லேர்ந்தா, உசிரு போன நாள்லேர்ந்தா?"

தோர்பெகை அருகில் போனாள். "போன நாள்லேர்ந்துதான்."

"அப்போ மூணு மாசம் நாலு நாள் ஓடிடுச்சு. நான் பாட்டுக்கு வளையலோட சுத்தியிருக்கேன். கடைக்குப் போனேன். ஆபீஸ் ஆபீஸாப் போனேன். கல்லுத் தூண் மாதிரி நின்னாங்களே அந்தப் போலீஸ்காரங்க, அவங்களோட வாய்ச்சண்டை போட்டேன்."

"உனக்குத் தெரியாதே. தெரியாம இருந்தது தப்பில்லை."

நஸ்மீனாவின் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது. ஒரு வளையலைப் பிடித்தது. முற்றத்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஷம்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்தம் கேட்கவில்லை.

"அக்கா, இத்தாவுல இருக்கற பொம்பளை கோர்ட்டுக்குப் போகலாமா?"

தோர்பெகை தயங்கினாள். "அவசியம்னா பகல்ல போய்ட்டு வரலாம்பாங்க. ஆனா உங்க ஊர்ல விடமாட்டாங்க. உன் மாமனார் ஆளை அனுப்பிக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திடுவார்."

"மனு போட்டவ வரலைன்னா?"

"தள்ளுபடி," என்றார் ஷம்ரோஸ்.

நஸ்மீனா மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"டி.வி. சொன்னதை நான் நம்பலை. ஆபீஸர் சொன்னதை நம்பலை. நீங்க சொல்றதையும் இப்போ நம்பமாட்டேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மண்ணைத் தோண்டட்டும். அந்தச் செருப்பை என் கைல கொடுக்கட்டும். அந்த நிமிஷம் எல்லாத்தையும் உடைக்கறேன். மிச்சம் இருக்கற நாளை வாசல் தாண்டாம உட்கார்ந்து முடிக்கறேன்."

பிறகு தோர்பெகையின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை மின்னிய புது வளையல்களை.

"அதுல ஒரு டஜன் எனக்குக் கொடுங்க அக்கா. மூணு வளையல் சத்தம் போடாது. திங்கட்கிழமை நான் படியேறும்போது அந்தக் கட்டிடத்துக்கே கேக்கணும், ஹஸ்ரத் குல்லோட பொண்டாட்டி வர்றான்னு."